உலையில் இடும் அரிசியும் உடலில் ஏறும் சர்க்கரையும்

நெசவாளிக்குக் கண்ணே முதல். உழவனுக்குக் காலே முதல். அறுந்த இழையைக் கண்டு பிணைப்பதற்குக் கண் வேண்டும். வரப்பிலும் சேற்றிலும் தடுமாறாமல் நடப்பதற்குக் கால் வேண்டும். தறியும் நிலமும் கடனுக்கு ஈடாகப் போயினும், ஒற்றுமையாலும் உழைப்பாலும் ஒருநாள் அவற்றை மீட்டுக்கொள்ளலாம். கண்ணையும் காலையும் இழந்துவிட்டால் எந்தச் சங்கத்தின் கடனுதவியாலும் அவற்றை மீட்க இயலாது. இவ்விரு முதல்களையும் ஓசையின்றிக் கவர்ந்து செல்லும் நோய் ஒன்று வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் பல இல்லங்களில் குடிபுகுந்திருக்கிறது. அதுவே நீரிழிவு. சர்க்கரை வியாதி என்று மக்கள் வழங்குவதும் அதனைத்தான்.

நூல் விலை, விதைநெல், வட்டி விகிதம், பங்குத் தொகை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இவ்விதழ் சோற்றுப் பானையைப் பற்றிப் பேசப் புகுந்ததேன் என்று அன்பர்கள் கேட்கலாம். அங்கத்தினரின் உடல்நலமே சங்கத்தின் முதற்பொருள் என்பது நம் கருத்து. நோயுற்ற நெசவாளியின் தறி ஓடாது. புண்பட்ட காலுடையவன் நடவுக்கு இறங்க முடியாது. அவ்வீட்டின் வருவாய் மருந்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் போய்விடும். ஆதலால் இம்முறை உணவைப் பற்றிப் பேசுவோம்.

நாலு பேர் பந்தியில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார்கள். 20 வயது நிறைந்த 1,13,043 பேரைச் சோதித்துக் கண்ட முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. இந்திய நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அந்த ஆய்வு கூறிற்று. தொகையாகச் சொன்னால் ஏறக்குறைய 10 கோடி பேர். தமிழ்நாட்டின் அளவு நூற்றுக்கு 14.4. நம் புதுவையின் அளவோ நூற்றுக்கு 26.3. கோவாவில் 26.4, கேரளத்தில் 25.5. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இந்தக் கணக்கு புதுவைப் பிரதேசம் முழுவதையும் சேர்த்தது, நகரத்தையும் உள்ளடக்கியது. எனினும், “இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி, நமக்கில்லை” என்று கிராமத்தார் ஒதுங்கியிருக்கும் காலம் போய்விட்டது என்பதில் ஐயமில்லை. நாலு பேர் அமரும் பந்தியில் ஒருவருக்கு நோய் என்றால், அந்த ஒருவர் நம் தந்தையாகவோ, உடன் பிறந்தாராகவோ, நாமாகவோ இருக்கலாம்.

இவ்வளவு பெருகியதற்குக் காரணம் ஒன்றன்று. பரம்பரை ஒரு காரணம். ஆனால் பரம்பரை ஒரு தலைமுறைக்குள் மாறுவதில்லை. மாறியது வாழ்க்கை முறை. முன்னாளில் கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் ஏழை இல்லங்களின் அன்றாட உணவாக இருந்தன; நெற்சோறு பல வீடுகளில் விருந்து நாளின் உணவாக இருந்தது. அந்நாளில் ஏர் பிடித்தவர்கள் பகல் முழுவதும் நடந்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், நெல்லைக் கையால் குத்தினார்கள். இன்று மூன்று வேளையும் அரிசி; அதுவும் ஆலையில் தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசி. உழுவதற்கு டிராக்டர், அறுப்பதற்கு இயந்திரம், கடைத்தெருவுக்குப் போக மோட்டார் சைக்கிள். தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் காலால் மிதித்துக் கையால் நாடாவை ஓட்டினாலும், இருந்த இடத்தை விட்டு எழுவது அரிது. உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை. நோயின் வித்து இங்கே விழுந்தது.

ஏரியும் மடையும்

நீரிழிவு என்பது யாது? மருத்துவ நூலைப் புரட்டாமல் நம் ஊர் ஏரியைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம்.

தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. ஏரியிலிருந்து மதகு வழியாக வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து மடை வழியாக வயலுக்கும் பாய்கிறது. மடையைத் திறக்க ஆள் இல்லாவிட்டால் என்ன நேரும்? வாய்க்காலில் நீர் கரை முட்டி நிற்கும். அதன் அருகிலேயே பயிர் வாடும்.

உண்ட சோறு வயிற்றில் செரித்துச் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தமே வாய்க்கால். தசையும் மற்ற உறுப்புக்களும் வயல்கள். இன்சுலின் என்னும் சுரப்பு நீரே மடையைத் திறக்கும் ஆள். அது போதிய அளவு சுரக்காவிட்டாலும், சுரந்தும் மடைகள் அதற்கு இணங்கித் திறவாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும். தசைகளோ உணவின்றி வாடும். ஆகவேதான் நோயாளி வயிறார உண்டும் சோர்ந்துபோகிறார். இரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிவதுபோலச் சிறுநீரில் சர்க்கரை வழிகிறது. அது நீரையும் தன்னோடு இழுத்துச் செல்வதால் அடிக்கடி சிறுநீரும் தீராத தாகமும் உண்டாகின்றன.

கலங்கல் வழியும்வரை காத்திருப்பது பேதைமை. கரை அதற்கு முன்பே அரிக்கத் தொடங்கிவிடும். தேங்கிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. விழித்திரையின் குழாய்கள் கெட்டால் பார்வை மங்கும். கால் நரம்புகள் கெட்டால் மரமரப்பு உண்டாகி, முள் தைத்ததும் ஆணி கிழித்ததும் தெரியாமல் போகும். தெரியாத புண் ஆறாத புண்ணாகிக் காலையே வாங்க நேரிடலாம். சிறுநீரகமும் இருதயமும் இவ்வாறே பழுதுறும். இவையெல்லாம் வலியில்லாமல் நடைபெறுகின்றன என்பதே இந்நோயின் கொடுமை.

வெறும் வயிற்றில் சோதிக்கும்போது இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது நலம். 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுமுறை சோதித்தும் அவ்வாறே கண்டால் நீரிழிவு என்று கொள்ள வேண்டும். 30 வயது நிறைந்தோர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனையைச் செய்துகொள்ளலாம். வில்லியனூர்ப் பகுதியிலுள்ள இராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் கிராம சுகாதார நிலையமும் இருக்கிறது.

உணவே முதல் மருந்து

1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பு உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர இந்நோய்க்கு வேறு கதியில்லை. அக்கண்டுபிடிப்பில் ஈடுபட்டவர்கள் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்னும் பெயரளவான விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள் என்பதைக் கூட்டுறவாளர்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். நம் தமிழகத்தில் டாக்டர் மு. விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்.

மருந்து வந்த பிறகும் உணவின் முதன்மை குறையவில்லை. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் எச்சரிக்கை நிலையிலிருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிவுரை எதுவும் சிறப்பாகப் பெறாதவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைச் சீராக்கி நடைப்பயிற்சியும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. மாத்திரையால் கிடைத்த பயனுக்கு இது குறைந்ததன்று.

அரிசியைப் பற்றியும் தெளிவு வேண்டும். 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியாயிற்று. தெற்காசியாவில் நாள்தோறும் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும், நீரிழிவு வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்ததாம். 450 கிராம் சோறு என்பது நம் பந்தியில் பெரிய அளவன்று. ஒரே வேளையில் அவ்வளவு உண்போரை நாம் அறிவோம்.

அரிசி நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. நெல் விளைவிக்கும் பாகூரில் அப்படிச் சொல்வது நன்றியன்று. மதகை முழுவதும் திறந்துவிட்டால் நல்ல நீரே கரையை உடைக்கும். அளவாகத் திறந்தால் அதே நீர் பயிரை வளர்க்கும். சோறும் அவ்வாறே.

தட்டைப் பங்கிடும் முறை

நிறைக்கருவியும் கணக்கேடும் சமையலறையில் வேண்டா. ஒரு தட்டைக் கண்ணால் நான்கு பங்காகப் பிரித்துக்கொள்வது போதும். இரண்டு பங்கு காய்கறியும் கீரையும். ஒரு பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை முதலியன. ஒரு பங்கு மட்டும் சோறோ மற்றத் தானியமோ. இன்று நம் இலையில் முக்கால் பங்கு சோறும், ஓரத்தில் விரலளவு பொரியலும் இருப்பதை நினைத்துப் பார்த்தால், மாற வேண்டியது எது என்பது எளிதில் விளங்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், 2000 கலோரி சக்தி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைய அளவைக் கூறுகிறது: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியம் என்பதில் இட்டிலி, தோசைக்கு அரைத்த அரிசியும் அடங்கும். இது பொதுவான மக்களுக்குக் கூறிய அளவு. நீரிழிவுள்ளவர் தானியத்தில் இதற்கும் குறைத்துக்கொள்ள நேரிடலாம்.

உண்ணும் வரிசையும் பயன் தருவது. முதலில் பொரியலையும் கீரையையும், பிறகு பருப்பையும் மீனையும், கடைசியில் சோற்றையும் உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பழக்கம் மட்டுமே வேண்டும்.

தறிக்காரர் ஒரு நாள்

குழித்தறியில் நெய்யும் ஒரு நெசவாளரின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் ஒரு தேநீர், பலகாரத்தோடு ஒன்று, பாவு பிணைத்த களைப்புக்கு ஒன்று, பிற்பகலில் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். ஐந்து தேநீருக்கு 50 கிராம். ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ! உலக சுகாதார நிறுவனமோ, நலமுள்ளவரே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது மேல் என்கிறது. நீரிழிவுள்ளவர் தேநீரைச் சர்க்கரையின்றிப் பருகக் கற்றுக்கொள்ள வேண்டும். சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துவந்தால் நாவும் இணங்கிவிடும்.

அவருக்கு ஏற்ற நாள் உணவைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்.

காலை 8 மணி: மூன்று இட்டிலி, காய் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், அல்லது பச்சைப்பயற்று அடை இரண்டு, அல்லது முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடை ஒன்றும் ஒரு முட்டையும்.

முற்பகல் 11 மணி: நீர்மோர், வறுத்த கடலை ஒரு கைப்பிடி.

பகல் 1 மணி: முதலில் கீரை மசியலும், வெண்டை, அவரை, கொத்தவரை, புடல், பீர்க்கு இவற்றுள் ஒன்றும் ஆளுக்கு இரண்டு பெருங்கரண்டி, பருப்புச் சாம்பார் அல்லது மத்தி, நெத்திலி போன்ற மீன் போட்ட குழம்பு, சோறு 75 கிராம் அரிசியில் ஆக்கிய அளவு, கடைசியில் மோர். பிறகு படுக்கையில் சாயாமல் பதினைந்து நிமிடம் தெருவில் நடை.

மாலை 4 மணி: சர்க்கரையில்லாத தேநீர், காராமணி அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல்.

இரவு 7½ மணி: இரண்டு தோசை அல்லது இரண்டு சப்பாத்தி, காய்க் குழம்பு, ஒரு குவளை பால்.

தறியில் இருப்பவர் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் உலாவி வருவது நல்லது. அதனால் குறையும் நெசவு சில அங்குலம். மிஞ்சும் ஆயுள் சில ஆண்டுகள் எனலாம்.

உழவர் ஒரு நாள்

நடவும் களையெடுப்பும் அறுப்பும் நடக்கும் நாட்களில் உழவரின் தேவை வேறு. வயலில் உழைக்கும் உடல் சர்க்கரையை எரித்துவிடும். அந்நாட்களில் சோற்றை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம். தவறு நேர்வது வேலையில்லா நாட்களில்தான். சம்பா அறுத்து முடிந்து, நிலம் சும்மா கிடக்கும்போதும் அறுவடைக் காலத்துச் சோறே இலையில் விழுகிறது. வேலைக்கு ஏற்றபடி கூலி பேசும் நாம் வேலைக்கு ஏற்றபடி சோறும் பேச வேண்டும்.

காலையில் பழைய சோறும் மோரும் உண்பவர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆக்கி ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் சிறு பகுதி எளிதில் செரியாத தன்மை பெறுகிறது என்பதும் உண்மையே. ஆயினும் அதுவும் சோறுதான். ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்தி, சுண்டலோ அவித்த முட்டையோ சேர்த்துக்கொள்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இவற்றைக் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது.

நீரிழிவுள்ள உழவர் வெறுங்காலோடு வயற்காட்டுக்குச் செல்லலாகாது. சேற்றில் இறங்க நேர்ந்தால், கரையேறியதும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய இயலாதவருக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

சில தவறான எண்ணங்கள்

“வெள்ளைச் சர்க்கரைதான் ஆகாது, வெல்லமும் கருப்பட்டியும் தேனும் ஆகும்” என்பர். இவை யாவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவனவே. கரும்புச் சாறும் அவ்வாறே. கரும்பு பயிரிடும் அங்கத்தினர் இதனைக் குறையாகக் கொள்ளாதிருப்பாராக.

“கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் அளவில்லை” என்பர். அளவு உண்டு. 2023-ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபின் வரகும் சாமையும் தினையும் மீண்டும் பேசப்படுவது மகிழ்ச்சிக்குரியது. அவற்றில் நார்ச்சத்து உண்டு. ஆனால் மாவாக்கி நீர்க்கக் காய்ச்சிய கூழ் விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். முழுத் தானியமாகப் பொங்கி, காயும் பருப்பும் சேர்த்து, சோற்றுக்குரிய அதே அளவில் உண்பதே முறை. அரிசியிலும் தீட்டாத அரிசி நன்று. பச்சரிசியைக் காட்டிலும் புழுங்கலரிசி மேலானது.

“பழமே கூடாது” என்பதும் தவறு. கொய்யா, நாவல், பப்பாளி ஆகியவற்றைச் சிறிதளவு உண்ணலாம். மாவும் பலாவும் ஒரு சுளை, ஒரு கீற்று என்ற அளவோடு நிற்கட்டும். பழத்தைப் பிழிந்து சாறாகப் பருகுவது ஆகாது.

“பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பாகற்காய் நல்ல காய், மாத்திரைக்கு மாற்றன்று. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் பொறுப்பு. உணவு சீரானால் அவரே குறைக்கக்கூடும்.

மாத்திரை உண்போரும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும் வேளை தவறி உண்ணலாகாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் உண்டாகும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, பதினைந்து நிமிடம் கழித்தும் தீராவிட்டால் மறுமுறையும் அவ்வாறே செய்ய வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடும் வெயிலில் வேலைக்குப் போகிறவர் மடியில் சிறிது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பது நலம். விரத நாட்களைப் பற்றி வைத்தியரை முன்னரே கேட்டுக்கொள்க. வெறும் வயிற்றில் மது அருந்துவது இவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. புகைபிடிப்பது காலுக்கு ஆபத்து. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் பருப்பையும் இளநீரையும் கூட்டிக்கொள்வதற்கு முன் வைத்தியர் சொற்கேட்பது கட்டாயம்.

ஒரே உலை, ஒரே குழம்பு

நோயாளிக்குத் தனிச் சமையல் என்றால் அது பத்து நாளைக்கு மேல் நடவாது. விறகும் எரிவாயும் நேரமும் யாரிடம் மிகுதியாக இருக்கின்றன? மேலே கூறிய உணவு நோயாளிக்கு மட்டும் உரியதன்று. பரம்பரையில் இந்நோயின் நிழல் படிந்த பிள்ளைகளுக்கும் அதுவே காப்பு. ஆதலால் ஒரே உலை, ஒரே குழம்பு. குடும்பம் முழுவதற்கும் தட்டு ஒன்றுபோலப் பங்கிடப்படட்டும். தேநீர்ச் சர்க்கரையிலும் மிகை அரிசியிலும் மிஞ்சும் காசு பயறுக்கும் முட்டைக்கும் கீரைக்கும் உதவும்.

இங்கே நம் சகோதரிகளைப் பற்றி ஒரு சொல். தார் சுற்றுவதும், நடவு நடுவதும், அடுப்பைக் காப்பதும் அவர்களே. எல்லோரும் உண்டபின் கடைசியில் அமர்வோரும் அவர்களே. அந்நேரத்தில் பொரியல் தீர்ந்திருக்கும். மீன் துண்டு தீர்ந்திருக்கும். சோறும் ரசமும் மட்டும் மிஞ்சியிருக்கும். “வீணாக்கலாமா” என்று அந்தச் சோறு முழுவதையும் அவர்களே உண்டுவிடுகிறார்கள். கணவருக்குப் பத்தியம் வைத்த கையே தனக்கு நோயைப் பரிமாறிக்கொள்கிறது. குழம்பை இறக்கியதும் தம் பங்குக் காயையும் பருப்பையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது தன்னலமாகாது. குடும்பத் தலைவர்கள் இதனை முன்னின்று செய்விக்க வேண்டும். எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்பது இன்னும் சிறந்தது. “இன்னும் ஒரு கை போட்டுக்கொள்ளுங்கள்” என்பது நம் விருந்தோம்பல் மொழி. அந்த ஒரு கை இனிச் சோறாக இல்லாமல் கீரையாக இருக்கட்டும்.

சங்கம் செய்யத்தக்கது

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களுள் பலர் நெசவாளர்கள். அவர்கள் முதலில் விற்றவை மாவு, வெண்ணெய், ஓட்ஸ், சர்க்கரை, மெழுகுவத்தி ஆகியனவே. கலப்படமற்ற உணவும் சரியான நிறையும் உழைப்பாளிக்குக் கிடைக்க வேண்டும் என்ற உறுதியில்தான் உலகக் கூட்டுறவு இயக்கம் பிறந்தது. உணவைப் பற்றிக் கவலைப்படுவது கூட்டுறவுக்குப் புதியதன்று. அதன் தொட்டிலிலேயே பிறந்தது அக்கவலை.

ஆகவே நம் சங்கங்கள் இவற்றைச் சிந்திக்கலாம். முதலாவது, பாகூர்ப் பக்கத்து நன்செய்களில் நெல் அறுத்தபின் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் உழவரிடமிருந்து, அறுவடைக் காலத்திலேயே அவற்றை மொத்தமாக வாங்கி, நெசவாளர் குடும்பங்களுக்கு அடக்க விலையில் வழங்கலாம். உழவருக்கு நல்ல விலை. நெசவாளருக்கு மலிவான புரதம். இடையில் தரகு இல்லை. இரண்டாவது, பொதுக்குழு கூடும் நாளின் காலையில் சுகாதார நிலையத்தாரை அழைத்து அங்கத்தினருக்கும் அவர்தம் மனைவியருக்கும் சர்க்கரைச் சோதனையும், நோயுள்ளோருக்குக் கண், கால் சோதனையும் நடத்தலாம். நோயுள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கூட்டங்களில் இனிப்புப் பலகாரத்துக்கு மாறாகச் சுண்டலும், சர்க்கரையைத் தனியே வைத்த தேநீரும் வழங்கலாம். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்; வேண்டாதவர் வெட்கப்படாமல் விலகட்டும்.

பாவுக்குக் கஞ்சி போடுகிறவர் அளவறிந்து போடுகிறார். மிகுந்தால் இழை விறைத்து ஒடியும். குறைந்தால் பிசிறி அறும். வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவரும் அளவறிந்தே மடையைத் திறக்கிறார். அளவு என்பது நம் இரு தொழில்களின் உயிர். தொழிலில் நாம் நாள்தோறும் காக்கும் அவ்வளவை இலையிலும் காத்தால், கண்ணும் காலும் நெடுநாள் நம்முடையனவாகவே இருக்கும். இந்த மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு அங்கத்தினரும், தம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி உலையில் இடப்படுகிறது, எத்தனை கரண்டிச் சர்க்கரை தேநீரில் கரைகிறது என்னும் கணக்கை மனத்தில் கொண்டு வருவாராக. அங்கிருந்து தொடங்குவோம்.